தாயில்லாப் பூனைக்குட்டியை வளர்த்தெடுப்பது: முதல் நாள் முதல் எட்டாவது வாரம் வரை

கண்கூடத் திறக்காத பூனைக்குட்டி ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்தால் எல்லாருக்கும் முதலில் கை போவது பால் பாத்திரத்துக்குத்தான். கத்துகிறதே, பசியாக இருக்கும், நாலு சொட்டு ஊற்றுவோம் என்று தோன்றும். பல குட்டிகள் சாவது அந்த நாலு சொட்டில்தான். உடம்பு சில்லிட்டுப்போன குட்டியின் குடல் இயங்காது. உள்ளே போன பால் செரிக்காமல் தேங்கும்; விழுங்கத் தெம்பில்லாததால் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள்ளும் இறங்கும். ஆகவே முதலில் சூடு, அடுத்து எடை, அதற்கப்புறம் பால். கீழே வரும் எல்லாமே இந்த வரிசையை ஒட்டியவைதான்.

தூக்குவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்

தனியாகக் கிடக்கும் குட்டியெல்லாம் அநாதை இல்லை. இரை தேடப் போன தாய் திரும்பச் சில மணி நேரம் ஆகும். இடம் மாற்றும்போதும் அது குட்டிகளை ஒவ்வொன்றாகத்தான் கவ்விக்கொண்டு போகும். உங்கள் கண்ணில் பட்டது கடைசியாக மிஞ்சிய ஒன்றாக இருக்கலாம்.

தொடாமலே ஓரளவு கணிக்கலாம். வயிறு உருண்டையாக, ரோமம் சுத்தமாக, குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தால் தாய் வந்துபோகிறது என்று அர்த்தம். வயிறு ஒட்டி, உடம்பெல்லாம் அழுக்காகி, ஓயாமல் கத்தினால் வெகுநேரமாக யாரும் கவனிக்கவில்லை. சந்தேகமாக இருந்தால் குட்டிகளைச் சுற்றித் தரையில் மெல்லிசாக மாவு தூவிவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மாவில் கால்தடம் இருந்தால் தாய் வந்திருக்கிறது. நீங்கள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அது வராது.

மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று சொல்வதை நம்பத் தேவையில்லை. பூனை அப்படி ஒதுக்குவதில்லை. ஆனால் குட்டி தொட்டால் சில்லென்று இருந்தால், மழையில் நனைந்துகொண்டிருந்தால், எறும்பு மொய்த்தால், காயம் இருந்தால் காத்திருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

தெரிந்தவர்கள் யாரிடமாவது சமீபத்தில் குட்டி போட்ட பூனை இருக்கிறதா என்று முதலிலேயே விசாரித்து வையுங்கள். ஏறக்குறைய அதே வயதுக் குட்டிகள் இருந்தால் பல தாய்ப்பூனைகள் புதுக்குட்டியையும் சேர்த்துக்கொள்ளும். எந்தப் பால் பவுடரும் அதற்கு ஈடாகாது. சேர்ப்பதற்கு முன் குட்டிக்கு நோய் ஏதும் இல்லை என்று மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வயது

பாலின் அளவு, சூடு, இடைவெளி எல்லாமே வயதை வைத்துத்தான். தொப்புள்கொடி ஒட்டிக்கொண்டிருந்தால் பிறந்து மூன்று முதல் ஐந்து நாளுக்குள். கொடி விழுந்து, கண் மூடி, காது தலையோடு மடிந்திருந்தால் முதல் வாரம். கண் 8 முதல் 12 நாளுக்குள் திறக்கத் தொடங்கி 14 நாளில் முழுதாகத் திறந்துவிடும். எல்லாக் குட்டிக்கும் அப்போது கண் நீலமாகத்தான் இருக்கும். மூன்றாவது வாரத்தில் காது நிமிர்ந்து, முன்பற்கள் ஈறில் அரிசி நொய் போலத் தட்டுப்படும், நடை தள்ளாடும். மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் கோரைப்பல், நாலு முதல் ஆறு வாரத்துக்குள் கடைவாய்ப்பக்கப் பல்.

எடையை மட்டும் வைத்து வயதைச் சொல்லக் கூடாது. பட்டினி கிடந்த மூன்று வாரக் குட்டி ஒன்றரை வாரக் குட்டியின் எடைதான் இருக்கும். பல்லைப் பாருங்கள், பல் பொய் சொல்லாது.

சூடு

பெரிய பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். முதல் வாரக் குட்டிக்கு 35.5 முதல் 37 வரைதான் இருக்கும். அதைக்கூடத் தானாகத் தக்கவைக்க அதற்கு முடியாது. ஒரு வாரம் வரை குட்டிக்கு நடுக்கமே வராது. "நடுங்கவில்லையே, குளிரவில்லை போல" என்று நினைத்துவிடாதீர்கள்.

சுத்தமான சுண்டுவிரலை வாய்க்குள் வைத்துப் பாருங்கள். வாயின் உள்பக்கம் வெதுவெதுப்பாக இல்லாமல் சில்லென்று இருந்தால் நிலைமை மோசம். டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால் நுனியில் வாசலின் தடவி, ஆசனவாயில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக நுழைத்துப் பார்க்கலாம். 35.5 டிகிரிக்குக் கீழே என்றால் பால் கூடவே கூடாது.

சூடேற்றுவதை மெதுவாகச் செய்ய வேண்டும். சில்லிட்ட குட்டியை வெந்நீரில் முக்குவது, ஹேர் டிரையரை நேரே காட்டுவது, அடுப்புப் பக்கம் வைப்பது எல்லாம் ஆபத்து: தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சட்டென விரிந்து, உள்ளுறுப்புகளுக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். காய்ந்த துண்டில் தலை வெளியே தெரியச் சுற்றி, உங்கள் சட்டைக்குள் மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் மூன்று மணி நேரம் பிடிக்கும். அவ்வப்போது வலது இடது என்று மாற்றிப் படுக்க வையுங்கள். விரலை வாயில் வைத்தால் சப்பத் தொடங்குகிறது என்றால் குட்டி பாலுக்குத் தயார்.

இனி படுக்கை. உயரமான சுவருள்ள அட்டைப்பெட்டி, அடியில் மடித்த துண்டு, அதன் மேல் நூல் பிரியாத மெல்லிய கம்பளித் துணி. நகம் மாட்டும் டர்க்கி டவல் மேல்விரிப்பாக வேண்டாம். பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, தடித்த காலுறைக்குள் போட்டுப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். மறுபாதி காலியாக இருக்க வேண்டும், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக இடம் வேண்டுமே. பாட்டில் ஆறிப்போனால் அதுவே குட்டியின் சூட்டை உறிஞ்சத் தொடங்கும், அதனால் பால் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் தண்ணீரை மாற்றிவிடுங்கள். மின்சார ஹீட்டிங் பேடு என்றால் மிகக் குறைந்த சூட்டில், துண்டுக்கு அடியில், இதே போலப் பாதிப் பெட்டிக்கு மட்டும்.

குட்டி படுத்திருக்கும் இடத்தில் முதல் வாரம் 30 முதல் 32 டிகிரி, இரண்டாவது வாரம் 27 முதல் 29, மூன்று நாலாவது வாரத்தில் 24 முதல் 27 வரை இருக்க வேண்டும். பெட்டிக்குள் ஒரு சின்ன அறை வெப்பமானியைப் போட்டுவிட்டால் ஊகம் வேண்டாம். குட்டிகளே சொல்லவும் செய்யும்: ஒன்றன்மேல் ஒன்று ஏறி மொய்த்துக்கொண்டு கத்தினால் குளிர், ஆளுக்கொரு மூலையில் கைகால் பரப்பி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். ஒற்றைக் குட்டிக்கு ஒண்டிக்கொள்ள உடன்பிறப்பு இல்லாததால் மென்மையான பொம்மை ஒன்றைப் பக்கத்தில் வைக்கலாம்.

தராசும் நோட்டும்

ஒரு கிராம் துல்லியம் உள்ள சமையலறைத் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். பார்வைக்குத் துறுதுறுவென்று இருக்கும் குட்டி இரண்டு நாளாக எடை ஏறாமல் இருக்கும். கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலேயே தராசு காட்டிக்கொடுத்துவிடும்.

பிறந்த குட்டி ஏறக்குறைய 100 கிராம். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், பால் கொடுப்பதற்கு முன், ஒரு கிண்ணத்தில் வைத்துக் கிண்ணத்தின் எடையைக் கழித்து எழுதுங்கள். முதல் நாள் புதுப் பாலுக்குப் பழகும்போது ஏறாமல் இருக்கலாம். அதற்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஏறவே இல்லை என்றால் எங்கேயோ கோளாறு: பால் போதவில்லை, கரைசல் நீர்த்துவிட்டது, சூடு குறைவு, அல்லது நோய். எடை இறங்கினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரே மாதிரி இருக்கும் குட்டிகள் பல இருந்தால் அடையாளத்துக்குக் கழுத்தில் நூல் கட்டாதீர்கள். வளர்கிற கழுத்து, மாட்டிக்கொள்ளும். ஆளுக்கொரு விதமாகக் காது ஓரத்து ரோமத்தைச் சிறிது கத்தரித்துவிட்டால் போதும்.

எந்தப் பால்

பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால் பவுடர் மட்டுமே. பூனைப் பாலில் புரதமும் கொழுப்பும் மாட்டுப் பாலில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாட்டுப் பாலால் வயிறு நிரம்பும், உடம்பு ஏறாது. சத்துக்கு ஈடுகட்ட அதிகம் கொடுத்தால் பாலில் உள்ள லாக்டோஸ் அளவு மீறி வயிற்றுப்போக்கு வரும். அந்த அளவுக் குட்டிக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கே உயிர் போகும் விஷயம். ஆட்டுப் பாலும் முழு ஈடு இல்லை. குழந்தைகளுக்கான பால் பவுடர், சோயா பால், பாதாம் பால் எதுவும் வேண்டாம்.

பவுடர் கைக்கு வரச் சில மணி நேரம் ஆகும் என்றால், சூடேறிய குட்டிக்கு ஓஆர்எஸ் கரைசலை வெதுவெதுப்பாக ஓரிரு வேளை சொட்டுச் சொட்டாகக் கொடுத்துத் தாக்குப்பிடிக்கலாம். அது தண்ணீர்ச்சத்துக்கு மட்டும், உணவு ஆகாது.

டப்பாவில் போட்ட விகிதத்தை ஒரு கரண்டிகூடக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கெட்டியாகக் கலந்தால் மலச்சிக்கலும் நீரிழப்பும். நீர்க்கக் கலந்தால் வயிறு நிறைந்தும் எடை ஏறாது. கட்டியில்லாமல் கலக்கி, நுரை அடங்கும் வரை வைத்திருந்து கொடுத்தால் வாயு பிடிப்பது குறையும். கலக்கிய பாலை ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் வைக்கலாம். பாட்டிலில் மிச்சமானதைக் கொட்டிவிட வேண்டியதுதான். சூடாக்க, பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வையுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ஒரு பக்கம் கொதித்தும் மறுபக்கம் ஆறியும் இருக்கும், நாக்கு வெந்துபோகும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது.

எவ்வளவு, எத்தனை வேளை

கணக்கு இரண்டு எண்களில் அடங்கிவிடும். ஒரு நாளைக்கு 100 கிராம் எடைக்கு ஏறக்குறைய 20 கலோரி. பெரும்பாலான பவுடர்களின் கரைசலில் ஒரு மில்லிக்கு ஏறக்குறைய ஒரு கலோரி, அதாவது 20 மில்லி. ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மில்லிக்கு மேல் வயிறு தாங்காது. 150 கிராம் குட்டி என்றால் நாளுக்கு 30 மில்லி, வேளைக்கு அதிகபட்சம் 6 மில்லி. கணக்குப்படி ஐந்து வேளை போதும் என்று வந்தாலும், முதல் வாரக் குட்டி ஒரே மூச்சில் அவ்வளவு குடிக்காது. 3, 4 மில்லியாகப் பிரித்துப் பல வேளை கொடுக்க வேண்டும். டப்பாவில் கலோரி வேறு மாதிரிப் போட்டிருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் இரண்டு முதல் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும்தான். இரண்டாவது வாரம் மூன்று முதல் நாலு மணி நேரம். மூன்றாவது வாரம் நாலு முதல் ஐந்து மணி நேரம். நாலாவது வாரம் ஐந்து, ஆறு மணி நேரம். எடை சீராக ஏறிக்கொண்டிருந்தால் நடுராத்திரி வேளையை அப்போது விட்டுவிடலாம். வேலைக்குப் போகிறவர் தனியாளாக முதல் இரண்டு வாரத்தைச் சமாளிப்பது நடக்காத காரியம். வீட்டில் இருவராவது முறை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முடிந்தவர் கையில் ஒப்படைத்துவிடுவது குட்டிக்கு நல்லது.

கொடுக்கும் முறை

குட்டியை மல்லாக்கப் போட்டுக் கைக்குழந்தைக்குக் கொடுப்பதுபோல் பால் கொடுப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. மல்லாந்த நிலையில் பால் நேராக நுரையீரலுக்குள் இறங்கும். தாயிடம் அது எப்படிக் குடிக்குமோ அப்படியே, குப்புறத்தான்.

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாட்டில், நிப்பிள், சிரிஞ்ச் எல்லாம் சோப்பில் கழுவி வெந்நீரில் போட்டெடுத்தவையாக இருக்க வேண்டும்.

2. நிப்பிளின் ஓட்டையைச் சோதியுங்கள். புதிதாக வரும் நிப்பிள் பலவற்றில் ஓட்டையே இருக்காது. ஊசியைச் சூடாக்கிக் குத்தலாம். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தால் பால் ஒவ்வொரு சொட்டாக மெதுவாக விழ வேண்டும். ஒழுகினால் ஓட்டை பெரிது, அந்த நிப்பிளைத் தூக்கிப் போடுங்கள்.

3. மடியில் துண்டு விரித்துக் குட்டியை நாலு காலும் கீழே படும்படி குப்புற வையுங்கள். ஒரு கையால் தாடையையும் பின்மண்டையையும் லேசாகத் தாங்குங்கள். தலை கொஞ்சம் நிமிர்ந்திருந்தால் போதும், அண்ணாந்துவிடக் கூடாது.

4. நிப்பிளை உதட்டில் தடவி ஒரு சொட்டு காட்டி, வாயின் ஓரமாக நுழைத்து நாக்கின் மேல் வையுங்கள். பாட்டில் சாய்ந்து, நிப்பிளில் எப்போதும் பால் நிறைந்திருக்க வேண்டும், காற்று போகக் கூடாது.

5. பாட்டிலை அழுத்தாதீர்கள். குட்டிதான் இழுக்க வேண்டும்.

6. சிரிஞ்ச் என்றால் 1 மில்லி அல்லது 3 மில்லி அளவு. ஒரு சொட்டு, விழுங்கியதா என்று பார்த்து அடுத்த சொட்டு.

7. வயிறு லேசாக உருண்டதும் நிறுத்துங்கள். பறை போல விறைக்கும் வரை கொடுக்க வேண்டாம். நிமிர்த்தித் தோளோடு அணைத்து முதுகை மெதுவாகத் தட்டி ஏப்பம் விட வையுங்கள்.

சரியாகக் குடிக்கும் குட்டியைப் பார்த்தாலே தெரியும். நாக்கு நிப்பிளின் இரு ஓரத்தையும் சுருட்டிப் பிடித்திருக்கும். ஒவ்வொரு விழுங்கலுக்கும் காது படக் படக்கென்று அசையும். முன்னங்கால் இரண்டும் மாறி மாறித் துண்டைப் பிசையும். காது அசையாமல் வாய் மட்டும் மென்றுகொண்டிருந்தால் அது விழுங்கவில்லை, நிப்பிளைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

மூக்கில் பால் குமிழியாக வந்தால் உடனே நிறுத்துங்கள். தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து மூக்கைத் துடைத்து, மூச்சு சீராகும் வரை பொறுங்கள். அதன் பிறகு இரண்டு மூன்று நாள் கவனம் தேவை. மூச்சில் கரகரப்பு, வாய் திறந்து மூச்சு வாங்குதல், பாலை மறுத்தல் இவற்றில் ஏதாவது வந்தால் நிமோனியாவாக இருக்கலாம், மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

சிறுநீரும் மலமும்

மூன்று, நாலு வாரம் வரை குட்டியால் தானாகப் போக முடியாது. தாய் நக்கித் தூண்டிவிட்டால்தான் போகும். அதை நீங்கள் செய்ய வேண்டும்: பஞ்சையோ மென்மையான டிஷ்யூவையோ வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, வாலுக்குக் கீழே மெதுவாக, விடாமல் ஒத்தி எடுங்கள். தேய்த்தால் தோல் புண்ணாகிவிடும். சில நொடியில் சிறுநீர் வரத் தொடங்கும். நிற்கும் வரை தொடருங்கள். ஒவ்வொரு வேளைப் பாலுக்கும் முன்போ பின்போ இதைச் செய்யாமல் விடக் கூடாது. பால் கொடுப்பதை மட்டும் நினைவில் வைத்து இதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு; வயிறு உப்பிக் குட்டி கத்தும்போது பசி என்று மேலும் பால் ஊற்றுவார்கள்.

சிறுநீர் வெளிர் மஞ்சள் அல்லது நிறமற்று இருக்க வேண்டும். அடர்ந்த மஞ்சள் என்றால் உடம்பில் தண்ணீர் போதவில்லை. இந்த வயதில் தோலைக் கிள்ளிப் பார்த்து நீரிழப்பைக் கண்டுபிடிக்க முடியாது. ஈறு ஈரமாக வழுக்குகிறதா, பிசுபிசுவென்று ஒட்டுகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

மலம் நாளுக்கு ஒருமுறையாவது வர வேண்டும், கடுகு நிற மஞ்சளில் பற்பசைப் பதத்தில். தண்ணீராக மஞ்சளாகப் போனால் பெரும்பாலும் பால் அதிகம். அளவைக் குறைத்து வேளையைக் கூட்டுங்கள், அன்றைக்குள் சரியாகாவிட்டால் மருத்துவர். வெளுத்துச் சாம்பல் நிறத்தில் வந்தால் பால் செரிக்கவில்லை. ரத்தம் தெரிந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

உடன்பிறந்த குட்டிகள் ஒன்றின் பிறப்புறுப்பை மற்றொன்று சப்புவது தாயில்லாக் குட்டிகளிடம் அடிக்கடி நடக்கும். வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் போய்விடும். சிவந்திருப்பது தெரிந்தால் உடனே தனித்தனிப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

அழுக்கு, தெள்ளு, குடற்புழு

தினசரிக் குளியல் வேண்டாம். பால் வழிந்த தாடையையும் பின்பக்கத்தையும் வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். பால் காய்ந்து ஒட்டிக்கொண்டால் தாடையில் ரோமம் உதிர்ந்து புண்ணாகும்.

தெள்ளுப்பூச்சியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 200 கிராம் உடம்பில் ஐம்பது தெள்ளு ரத்தம் குடித்தால் குட்டிக்கு ரத்தசோகை வந்துவிடும். ஈறு இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் அதுதான். மருந்துக்கடைச் சொட்டு மருந்துகள் பலவும் எட்டு வாரத்துக்குக் கீழே ஆகாது. நாய்க்கான பெர்மெத்ரின் கலந்த மருந்து எந்த வயதுப் பூனைக்கும் விஷம். குட்டியின் உடம்பு நன்றாகச் சூடாக இருக்கும்போது, வெதுவெதுப்பான நீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். முதலில் கழுத்தைச் சுற்றி நுரையால் ஒரு வளையம் போடுங்கள், இல்லாவிட்டால் தெள்ளெல்லாம் முகத்துக்கு ஓடிவிடும். ஓரிரு நிமிடத்தில் அலசி, துண்டால் ஒற்றி, முழுதாகக் காய்ந்த பிறகு நுண்பல் சீப்பால் வாருங்கள். ஈரத்தோடு பெட்டியில் விடக் கூடாது.

குடற்புழு மருந்து இரண்டாவது வாரத்திலேயே தொடங்குவது வழக்கம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அளவு அன்றைய எடைக்கு ஏற்ப மருத்துவர் சொல்ல வேண்டும்.

வீட்டில் வேறு பூனை இருந்தால் இரண்டு வாரமாவது தனி அறை. பூனைகளைக் கொல்லும் பார்வோ வகை வைரஸ் துணியிலும் கையிலும்கூட வரும், சோப்பால் சாகாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். டெட்டால், பினாயில் போன்றவை பூனைக்கு ஆகாது. கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி மருத்துவரைப் பாருங்கள். எங்கிருந்து வந்ததென்று தெரியாத குட்டி, ரேபிஸ் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்.

தளர்ந்துபோகும் குட்டி

நேற்றுவரை நன்றாக இருந்த குட்டி திடீரெனத் துணி போலத் துவண்டு, சில்லிட்டு, தலையைப் பின்னே வளைத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பிறந்த முதல் நாளில் கிடைக்கும் சீம்பால் கிடைக்காத குட்டிகளுக்கு நோயெதிர்ப்பு சக்தி குறைவு. இப்படி ஆவது அவற்றுக்கு அதிகம். பால் கொடுக்காதீர்கள். துண்டில் சுற்றிச் சூடாக்கிக்கொண்டே, ஒரு கரண்டி சர்க்கரையை ஒரு கரண்டி வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஓரிரு சொட்டு ஈறில் தடவுங்கள். வாயில் ஊற்ற வேண்டாம், தடவினாலே போதும். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இதைச் செய்யுங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் சில குட்டிகள் பிழைப்பதில்லை. பிறவிக் குறை வெளியே தெரியாது.

மனிதர்களுக்கான மாத்திரை எதுவும் கொடுக்க வேண்டாம். பாராசிட்டமால் ஒரே மாத்திரை பெரிய பூனையையே கொல்லும்.

நாலாவது வாரம் முதல்

நிப்பிளைக் கடித்துக் குதறத் தொடங்கினால் தட்டுக்கு மாறும் நேரம் வந்துவிட்டது. குட்டிகளுக்கான ஈர உணவை அதே பால் கரைசலில் கூழாகக் கரைத்து, தட்டையான தட்டில் வையுங்கள். முதலில் மூக்கை முக்கித் தும்மும், தட்டுக்குள் நடக்கும். விரலில் எடுத்து உதட்டில் தடவுங்கள்; முகத்தைத் தட்டில் அழுத்தாதீர்கள், மூக்கில் ஏறிவிடும். நாலைந்து நாளில் பாலைக் குறைத்துக் கெட்டியாக்கிக்கொண்டே வரலாம். தட்டில் எவ்வளவு தின்கிறது என்று தெரியும் வரை பாட்டிலை நிறுத்த வேண்டாம். அவசரப்பட்டு நிறுத்துவதுதான் இந்தக் கட்டத்தில் எடை சரியக் காரணம். ஆறு, ஏழு வாரத்தில் பாட்டில் முழுதாக நின்றுவிடும். ஆழமில்லாத கிண்ணத்தில் தண்ணீரும் இப்போதிருந்தே வைக்கலாம்.

மணல் பெட்டிக்கு, 3 அல்லது 4 சென்டிமீட்டர் விளிம்புள்ள தட்டு போதும். காகிதத் துண்டு அல்லது மரத்தூள் உருண்டை போடுங்கள். நனைந்தால் கட்டியாகும் மணல் இந்த வயதில் வேண்டாம். குட்டி எதையும் தின்று பார்க்கும், குடலில் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். சாப்பிட்டதும் தட்டில் இறக்கி விடுங்கள், முன்பு துடைத்த பஞ்சு ஒன்றை அதில் போட்டு வைத்தால் வாசனையில் புரிந்துகொள்ளும். சொல்லிக் கொடுக்க வேறு எதுவும் தேவையில்லை.

இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரை பழகுவதுதான் குட்டியின் குணமாக நிற்கும். பல பேர் தொட்டுத் தூக்கட்டும், மிக்ஸி சத்தம் கேட்கட்டும். ஆனால் விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள். இன்று கூசும் கடி ஆறு மாதத்தில் ரத்தம் வரும் கடியாகும். கோலில் கட்டிய பொம்மை போதும், விளையாடி முடித்ததும் அதை எடுத்து வைத்துவிடுங்கள். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கிக் கிழித்துவிடும். ஒற்றையாக வளரும் குட்டிக்குக் கடியின் அளவு தெரியாது. நோயில்லை என்று உறுதியானதும் அதே வயதுக் குட்டி ஒன்றோடு சேர்த்து வளர்ப்பது எந்தப் பயிற்சியையும்விட மேல்.

தடுப்பூசியும் புது வீடும்

முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில், பிறகு 16 வாரம் வரை மூன்று, நாலு வாரத்துக்கு ஒருமுறை. ரேபிஸ் ஊசி பெரும்பாலும் 12 வாரத்திலிருந்து. எட்டு வாரத்துக்கு முன் யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். கொடுக்கும்போது எடை நோட்டு, குடற்புழு மருந்து கொடுத்த தேதிகள், இப்போது தின்னும் உணவில் ஒரு வாரத்துக்கானது, பழகிய துணி ஒன்று, இவையும் கூடப் போகட்டும். உணவை ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு நிச்சயம். பெட்டைக் குட்டி நாலு மாதத்திலேயே சினையாகலாம் என்பதால், கருத்தடை அறுவைக்கு மருத்துவரிடம் நாள் குறிப்பதை வாங்கிப் போகிறவரிடம் அன்றே பேசிவிடுங்கள்.